சாண் கத்திக்கு ஒரு நீதிபதி

பெரம்பலூரிலும் அரியலூரிலும் வெயிலுக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பவர் கத்தி பார்க்கிறவர். இவரை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டாம். இடது முன்கையைப் பாருங்கள். மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல் அகலத்துக்கு முடி இருக்காது. செதுக்கி மெழுகிய களம் மாதிரி வழுவழுவென்று இருக்கும். இவர் கையில் எடுத்த கத்தி ஒவ்வொன்றும் அங்கே ஒரு முறை உழுதுவிட்டுப் போயிருக்கிறது.

வாங்கினாரா? அது வேறு கேள்வி. அதைக் கேட்டால் கோபம் வரும்.

சந்தையில் சாக்கை விரித்துக் கத்தி பரப்பியிருப்பவன் முன்னால் இவர் குந்துகிற அழகே தனி. மடக்குக் கத்தியைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார், மடங்குவதெல்லாம் கத்தியா? சின்னதாக, மடங்காமல், ஒரு சாணுக்குள் அடங்குகிறதாக ஒன்றை எடுப்பார், நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துச் சத்தம் கேட்பார், ஒரு கண்ணை மூடி முதுகில் வளைவு பார்ப்பார், ஆள்காட்டி விரலில் குறுக்கே நிறுத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார், கட்டை விரலை விளிம்பில் குறுக்காகத் தடவுவார், ஊதுவார், மோந்துகூடப் பார்ப்பார். பிறகு கைப்பிடியைக் காட்டி, "இரும்பு புடியோட அடி வரைக்கும் ஓடுதா, பாதியில நின்னுருச்சா?" என்பார். அடி வரைக்கும் ஓடுகிறது என்று வியாபாரி சத்தியம் செய்தால், "அப்ப கனம் சாஸ்தியாச்சே" என்பார்.

எந்தக் கத்தி பிழைக்கும்?

விவசாயிகள் சங்கத்திலும் இந்த ரகத்தோடு மாரடித்தவன் நான். அச்சாகி வந்த நோட்டீசை ஒட்டக் கொடுத்தால், தாளின் தடிமனைத் தடவிக்கொண்டு நிற்பார். அதற்குள் போராட்டமே முடிந்திருக்கும்.

குன்னம் பக்கத்து ராசாங்கம் இந்த இனத்தின் அசல் வித்து. பதினெட்டு வருஷம் சிமெண்ட் லாரி ஓட்டியவர். ஆகவே உடைந்த லாரி வில்பட்டையில் அடித்ததைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இரும்பே இல்லை என்பது அவர் கட்சி. அப்படி ஒரு பட்டையைத் தானே கொல்லரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, மூன்று முறை திருப்பி அடிக்கச் சொல்லி வாங்கிய கத்தி ஒன்று தோல் உறைக்குள் எந்நேரமும் அவர் இடுப்பில் இருக்கும். வாழை இலை அறுக்கக் கேட்டால் "கறை ஏறிரும்." சாக்குக் கயிறு அறுக்கக் கேட்டால் "முனை போயிரும்." ஏழு வருஷத்தில் அது அறுத்ததெல்லாம் அவர் கை முடிதான்.

போன வருஷம் செங்கமலம் ஒரு தப்பு செய்தாள். அவளுக்கு அவர் மாமா முறை. ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம் பிடுங்கிக் காட்டில் காயப் போட்டிருந்தாள். வெங்காயத் தாளை அறுத்து, காற்றுப் புகத் தட்டி கட்டிய பட்டறைக்குள் மழைக்கு முன்னால் ஏற்ற வேண்டும். நனைந்தால் வெங்காயம் அழுகும். ஒரு போகமே போகும். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் பிடுங்கியதால் ஆள் கிடைக்கவில்லை. அவளும் மகள் வெற்றிச்செல்வியும்தான் ஒரு வாரமாக அறுத்து ஏற்றினார்கள், கடைசிக் கால்வாசி மிச்சம். அன்று காலையில் இரண்டு கத்தியில் ஒன்று உடைந்தது. மேற்கே மேகம்.

"மாமா, சந்தைக்குத்தான போறீங்க? தாள் அறுக்க ஒரு சின்னக் கத்தி வாங்கியாந்துருங்க."

"எங்கிட்ட சொல்லிட்டில்ல? விடு" என்று வண்டியை உதைத்தார் ராசாங்கம். மணி ஒன்பது.

பதினோரு மணிக்குச் செங்கமலம் போன் அடித்தாள். "பாத்துக்கிட்டிருக்கேம்மா. எல்லாம் தகரம்." ஒரு மணிக்கு அடித்தாள். "ஒண்ணு தேறிச்சு. சுண்டுனா சத்தம் சரியில்ல." அந்த நேரத்தில் சந்தையில் கத்திக்காரன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தானாம்: "அண்ணே, கத்தி வாங்குறீங்களா, நாடி பாக்குறீங்களா?"

நான்கு மணிக்கு வந்து இறங்கினார். வெறுங்கை. முன்கையில் மட்டும் புதிதாக இரண்டு கீறல்.

"கத்தி எங்க மாமா?"

"பதினாலு பாத்தேன். ஒண்ணுகூட ஒனக்கு லாயக்கில்ல. அடுத்த வாரம் அரியலூரு போயி..."

"அடுத்த வாரமா? வானத்தப் பாருங்க மாமா!"

ராசாங்கம் வானத்தை அண்ணாந்து பார்த்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. அந்த ஒரு நொடி போதும். செங்கமலம் அவர் இடுப்பு உறையிலிருந்து கத்தியை உருவிக்கொண்டாள்.

"ஏய், ஏய்! வெங்காயச் சாறு பட்டா..."

சரக். ஒரு பிடித் தாள் கீழே விழுந்தது. சரக். இன்னொரு பிடி. ராசாங்கத்தின் வாய் திறந்தபடியே நின்றது. பெற்ற பிள்ளை முதல் முறை நடந்ததைப் பார்த்த மாதிரி ஒரு முகம்.

"அட! அறுக்குதே!" என்றார்.

"பின்ன, கத்தி அறுக்காம பாட்டா பாடும் தாத்தா?" என்றாள் வெற்றிச்செல்வி. "கூடையத் தூக்குங்க."

தூக்கினார். கூடையைச் சுண்டிப் பார்க்க அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. தாயும் மகளும் அறுக்க அறுக்க அள்ளிக்கொண்டு பட்டறைக்கும் காட்டுக்கும் ஓடினார். மழை கொட்டும்போது இரண்டே கூடைதான் வெளியே. அந்த இரண்டையும் செங்கமலம் நேராக அவர் வீட்டு வாசலில் இறக்கினாள். "நனைஞ்சது நிக்காது மாமா. வெரசா உரிச்சுருங்க."

உரித்தார். எந்தக் கத்தியால் என்கிறீர்களா? லாரிப் பட்டையைத் துடைத்து, எண்ணெய் போட்டு, உறைக்குள் தூங்க வைத்துவிட்டார். குக்கர் வாங்கியபோது இலவசமாக வந்த, சிவப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட, எங்கே அடித்தது என்று எவனுக்கும் தெரியாத ஒரு கத்தி அடுப்படியில் கிடந்தது. அவர் வீட்டில் ஒன்பது வருஷமாகச் சோறாக்கியது அதுதான். அதை அவர் ஒரு நாளும் சுண்டிப் பார்த்ததில்லை.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் இதைக் கையில் எடுத்ததும் தலைப்பைச் சுண்டிச் சத்தம் கேட்டீர்கள், நடுவில் ஒரு கண்ணை மூடி வளைவு பார்த்தீர்கள், இப்போது "பரவாயில்ல, ஆனா..." என்று உதடு பிரிகிறது.

சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். அது இல்லை, இடது கை.