பீடத்துக்கு மேலை இறங்கின ஆலா

குருநகர்,
ஆடி மாதம், சோளகக் காற்று புழுதி வாரியடிக்கும் ஒரு பின்னேரம்.

என்றும் பாசத்துக்குரிய பேதுரு அண்ணை அவர்கட்கு,

தங்கை லூர்த்தம்மா எழுதிக்கொள்வது. அந்தோனியாரின் காவலில் நாங்கள் இங்கு உயிரோடு இருக்கிறோம். நோர்வேக் குளிரில் தாங்களும் மச்சாளும் பிள்ளைகளும் தடிமன் காய்ச்சல் அண்டாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கென்று திகைக்க வேண்டாம். போனை எடுத்தால் உங்கள் மச்சான் பறித்துத் தன்ரை பறவைப் படங்களைக் காட்டத் தொடங்கிவிடுவார். நான் சொல்ல வந்தது தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

அண்ணை, இது முழுக்க உங்களாலை வந்த வினை. பருத்தித்துறை றூட்டிலை பஸ் ஓட்டின காலமெல்லாம் றோட்டிலை ஒரு காகம் நிண்டாலும் ஹோர்ன் அடிச்சுக் கலைச்ச மனுசன் இவர். பென்சன் எடுத்து சும்மா இருக்கிறார், கடலிலை போற வள்ளங்களைப் பாத்துப் பொழுதைப் போக்கட்டுமெண்டு நீங்கள் ஒரு தூரக்கண்ணாடியும், உங்கடை மோள் மிச்சம் விட்ட பெயின்ற் பெட்டியும் அனுப்பினியள். போன ஐப்பசியிலை மழை விழுந்து வாடைக்காத்துத் தொடங்கினதோடை மனுசன் விடியமுன்னம் எழும்பி வெளிக்கிடத் தொடங்கிட்டார். காலமைப் பூசைக்குத்தான் போறாராக்கும், கடைசிக் காலத்திலையாவது ஆண்டவர் கண்ணைத் திறந்தாரெண்டு நான் நன்றிக்கு ஒரு நவநாளும் துவங்கினன். ஒருநாள் பக்கத்து வீட்டு வித்தியா ஓடிவந்து, "அக்கா, அண்ணை பண்ணைக் கடலோரம் சேத்துக்கை குப்புறக் கிடக்கிறார்" எண்டாள். செருப்பும் போடாமல், செபமாலையும் கையுமா ஓடினன். பாத்தால் ஆள் சேத்திலை கிடந்தபடி கண்ணாடிக்குள்ளாலை பாத்துக்கொண்டிருக்கிறார். "உஷ்! அசையாதை. சைபீரியாவிலையிருந்து வந்திருக்கினம்" எண்டார். நானும் ஆரோ பாவம், தூரத்துச் சனமெண்டு நினைச்சு, "ஏன் உதிலை கிடக்கிறியள், வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோவன், ஒரு தேத்தண்ணி குடுப்பம்" எண்டன். பிறகுதான் தெரிஞ்சுது, வந்தவை தாராக்களாம், காட்டு வாத்துகள். நான் சத்தம் போட்டதிலை அவ்வளவும் எழும்பிப் பறந்திட்டுதெண்டு மனுசன் என்னோடை ஒரு கிழமை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

மாரி முழுக்கத் தாரா. தையும் மாசியும் பூநாரை. பாத்ததையெல்லாம் பெயின்றாலை கீறினார். கலண்டர் தாளின்ரை பின்பக்கம் முடிய, அரிசி வாளி மூடியிலை ஒண்டு, குசினிக் கதவிலை ஒண்டு. வந்த சனம் எல்லாம் "உதென்ன, சிவப்புக் காலோடை ஒரு கொக்கு?" எண்டு கேட்க, அவையை இருத்திவைச்சுப் பூநாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் சொல்லுவார். ஆறின தேத்தண்ணியோடை நான் நிப்பன். வெயில் ஏறித் தண்ணி வத்த, வந்த பறவையெல்லாம் தன்ரை தன்ரை ஊருக்குப் போட்டுது. அப்பாடா எண்டு மூச்சு விட்டன். அந்த மூச்சை முழுசா விட்டு முடிக்கேல்லை அண்ணை, எங்கடை ஒழுங்கை அந்தோனியார் சின்னக் கோயிலிலை வேலை வந்திட்டுது.

பீடத்துக்கு மேலை சுவரிலை பரிசுத்த ஆவியானவர் புறாவா இறங்கிற படம் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உப்புக் காத்திலை அது உரிஞ்சு செட்டை மட்டும் மிச்சம். அந்தோனியார் திருநாளுக்கு முன்னம் அதைத் திருப்பிக் கீறித் தரச்சொல்லி எங்கடை பங்குக் கிறகோரி சுவாமி இவரைக் கேட்டார். எனக்குப் பெருமை பொங்கினது பொய்யில்லை. ஒழுங்கை முழுக்கச் சொல்லிப்போட்டன். இவர் ஒரு சீலையைக் கட்டி மறைச்சுப்போட்டு உள்ளுக்கை நிண்டு வேலை செய்தார். முடிஞ்ச அண்டைக்குப் பின்னேரச் செபத்துக்கு எல்லாரும் கூட, சுவாமி சீலையை இழுத்தார்.

அண்ணை, அது புறா இல்லை. ஆலா! கடலிலை பறக்கிற ஆலா! தலையிலை கறுத்தத் தொப்பி, மஞ்சள் சொண்டு, பிளந்த வால். அதுவும் போதாதெண்டு வாயிலை ஒரு சூடை மீன். பாட்டுக்காரப் பிள்ளையள் பாட்டை நடுவிலை விட்டிட்டுதுகள். "மரியரட்ணம், இதென்ன செய்து வைச்சிருக்கிறீர்?" எண்டு சுவாமி கேட்க, இவர் கூசாமல், "சுவாமி, எங்கடை கடலுக்குப் புறா எங்கை வருது? மேலையிருந்து நேரை இறங்கிறதெண்டால் ஆலாதான்" எண்டார்.

உடனை சுண்ணாம்பு அடிச்சு அழிக்கச் சொல்லிப் பெண்டுகள் சத்தம். கடற்தொழிலுக்குப் போற ஆம்பிளையள் எழும்பி, "ஆலா இறங்கிற இடத்திலைதான் மீன். அதைப் பாத்துத்தானே வலை போடுறம். அழிச்சால் திருநாளுக்குக் கொடி தூக்க ஆரும் வரமாட்டம்" எண்டு மறு சத்தம். புருசனும் பெண்சாதியும் ஒரே வீட்டிலை ரெண்டு கட்சி. சந்தையிலை மீன்காரி என்னைப் பாத்து, "வாங்கோ, பரிசுத்த ஆவி கொத்தின சூடை இருக்கு" எண்டாள். நான் எந்த முகத்தோடை மீன் வாங்க?

அவமானம் தாங்கேலாமல் ஒருநாள் மத்தியானம், கோயிலிலை ஆக்கள் இல்லாத நேரமாப் பாத்து, நானே சுண்ணாம்பு வாளியோடை போனன். அங்கை லவீனா தனிய முழங்காலிலை இருந்தாள். போன வருசம் புருசனைக் கடலுக்குக் குடுத்த பிள்ளை. அதுக்குப் பிறகு அவள் கோயில் வாசல் மிதிச்சதை ஆரும் காணேல்லை. என்னைக் கண்டிட்டு, "அக்கா, அவர் கடைசியாச் சொன்ன சொல்லு, 'ஆலா இறங்குது, ஒருக்காப் போட்டு வாறன்' எண்டதுதான். இதைப் பாத்தாப் பிறகுதான் எனக்குச் செபம் வாயிலை வருது" எண்டாள். பிறகு வாளியைப் பாத்து, "உதென்னக்கா?" எண்டாள். "நிலம் கழுவ வந்தனான்" எண்டு சொல்லி, அந்தோனியார் முன்னிலையிலையே பொய் சொல்லிப்போட்டு, சுண்ணாம்பைக் கொண்டுவந்து கிணத்தடியிலை ஊத்தினன்.

திருநாள் வந்துது. பிரசங்கத்துக்கு மன்னாரிலையிருந்து நல்ல வயசான ஒரு சுவாமி. அவர் என்ன சொல்லப்போறாரோ எண்டு ரெண்டு கட்சியும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்குதுகள். அவர் மெல்ல நிமிந்து, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டு, சுவரைக் கனநேரம் பாத்தார். பிறகு கையை விரிச்சு, "ஆகா! என்ன வடிவான புறா! இப்பிடி ஒரு புறாவை நான் எந்தக் கோயிலிலையும் காணேல்லை" எண்டார்! கிறகோரி சுவாமியின்ரை வாய் திறந்தது திறந்தபடி. பெரியவர் புறா எண்டு சொன்னாப் பிறகு அதை ஆர் அழிக்கிறது? எல்லாம் சுமுகமா முடிஞ்சுதெண்டு நான் சிலுவை போடக் கை எடுக்கிறன், இவர் விசுக்கெண்டு எழும்பி, "மன்னிக்கவேணும் சுவாமி, அது புறா..." எண்டு துவங்கினார். நான் பாஞ்சு வேட்டியைப் பிடிச்சு இழுத்து இருத்தினன். வேட்டி என்ரை கையோடை வந்திட்டுது. அதுக்குப் பிறகு நடந்ததை அண்ணைக்கு எழுத எனக்கு வெக்கமாக் கிடக்கு.

ஆகையால் அண்ணை, உங்கள் கால்களில் விழுந்து கேட்கிறேன். இனிமேல் ஒரு துளி பெயின்ற்றும் இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஒருக்கால் நேரில் வந்து இந்த மனுசனுக்குப் புத்தி சொல்லுங்கோ. இல்லாவிட்டால் என்னையாவது நோர்வேக்கு எடுங்கோ. மச்சாளுக்கு என் அன்பு முத்தங்கள், பிள்ளைகளின் நெற்றியில் மாமி போடும் சிலுவை அடையாளம். இறைவன் உங்கள் எல்லாரையும் தன் செட்டைகளின் நிழலில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
மானம் போன தங்கை
லூர்த்தம்மா

பி.கு: கடித உறையை ஒட்டப் போன நேரம் கொடியிலை காயப்போட்ட சீலைக்குப் பக்கத்திலை ஒரு கொண்டலாத்திக் குருவி வந்து குந்தினது. தலையிலை விசிறி மாதிரி ஒரு கொண்டை, அதை விரிக்கிறதும் மடக்கிறதும்! இவர் வீட்டிலை இல்லை. நான் அசையாமல் நிண்டன். அடுப்பிலை குழம்பு அடிப்பிடிச்சு மணக்குது, எனக்குக் கால் எழும்பேல்லை. பிறகு இவரின்ரை பெயின்ற் பெட்டியைத் திறந்து இந்தத் தாளின்ரை பின்பக்கத்திலையே கீறிப்போட்டன். திருப்பிப் பாருங்கோ. கொண்டை கொஞ்சம் பெருத்துப்போச்சு, ஆனால் கண் சரியா வந்திருக்கு, என்ன? புத்தி சொல்ல இப்ப அவசரமா வரவேண்டாம். மெல்லிய தூரிகை ரெண்டு, என்ரை பேருக்கு, வித்தியா வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கோ. இவர் கண்டால் கொண்டை பிழையெண்டு திருத்த வந்திடுவார்.