இருமலில் ஆடிய எக்ஸ்ரே

விருத்தாசலம்
12.3.2006

மதிப்பிற்குரிய நடராசன் மச்சான் அவர்களுக்கு, மாயவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை அமிர்தமும் மகள் கயல்விழியும் நலம். சேத்தியாத்தோப்பில் நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க கொளஞ்சியப்பரை வேண்டுகிறேன். போன கடிதத்தில், 'என் முகத்தைப் பார்க்க நினைத்தால் சீக்கிரம் வரவும்' என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடவும்.

நடந்தது இதுதான். பீங்கான் தூசியில் இருபது வருஷம் வேலை பார்த்த நெஞ்சாயிற்றே என்று, இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்க அமிர்தம் அழைத்துப் போனாள். "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றார் படமெடுப்பவர். பிடித்தேன். பிடித்த மூச்சு இருமலாக வந்துவிட்டது. படம் முழுக்கக் கலங்கல். "ஏதோ நெழலு மாதிரி இருக்குது, இன்னொரு படம் எடுத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். இன்னொரு படத்தில் நிழல் நிச்சயமாகிவிட்டால் என்ன செய்வதென்று பயந்து, வீட்டுக்கு வந்து உங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

கயலுக்கு இது இன்ஜினியரிங் கடைசி வருஷம். மங்கலான மருத்துவப் படங்களைக் கம்ப்யூட்டரில் தெளிவாக்குவதுதான் அவளுடைய புராஜெக்ட். "குடுங்கப்பா, நான் பாக்கறேன்" என்று வாங்கிப் போனாள். மறுநாள் படத்தில் நிழலே இல்லை. உடனே கறி எடுத்து வந்தேன். குழம்பு கொதிக்கும்போதுதான், புள்ளிகளைத் துடைக்கச் சொன்னதில் கம்ப்யூட்டர் நிழலையும் அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டது என்றாள். எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டேன்.

"நீங்க எவ்ளோ தூரம் ஆடுனீங்கன்னு தெரிஞ்சா, அந்த ஆட்டத்தப் படத்துலேர்ந்து கழிச்சிடலாம்ப்பா." ஆகவே என்னைச் சட்டையில்லாமல் சுவரோரம் நிறுத்தி, அமிர்தத்தை ஸ்கேல் பிடிக்கச் சொல்லி, அன்று இருமியதுபோலவே இருமச் சொன்னாள். "அன்னக்கி இவ்ளோ மரியாதயா இருமலியே" என்று அமிர்தம் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தாள். நாற்பது இருமல் ஆயிற்று. பக்கத்து வீட்டு மாணிக்கவேல் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, கண் கலங்கிவிட்டுப் போனார்.

கடைசியில் ஆறு மில்லிமீட்டர் என்று முடிவாயிற்று. அதைக் கழித்ததும் விலா எலும்புகள் வரிவரியாக வந்து நின்றன. நிழல் இரண்டு எலும்புகளாகப் பிரிந்துவிட்டது. டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "பொண்ணு கெட்டிக்காரிங்க. ஆனா இத வச்சி நான் கையெழுத்துப் போட முடியாதுங்க" என்று மறுபடி படமெடுக்க வைத்தார். அதுவும் அப்படியேதான் இருந்தது. நெஞ்சில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கயலின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அமிர்தத்துக்குத் தெரிய வேண்டாம்.

நான் கண்மூடுவதற்குள் முடிக்க வேண்டுமென்று நீங்கள் பார்த்த வேப்பூர் மாப்பிள்ளை ஆனந்தராஜ் விஷயத்தில் எங்களுக்குப் பூரண சம்மதம். இனி நிதானமாகவே நாள் பார்க்கலாம். தங்கம்மாள் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
இன்னும் பல வருஷம் தங்களுக்குத் தொந்தரவு கொடுக்க இருக்கும்
மாயவன்

பி.கு.: மாப்பிள்ளையின் போட்டோ மங்கலாக இருந்ததால் கயல் அதையும் கம்ப்யூட்டரில் போட்டாள். தோளில் சட்டை மடிப்பென்று நாங்கள் நினைத்தது ஒரு பெண்ணின் கை. கூடப் பிறந்தவளாக இருக்கும் என்றுதான் நானும் சொன்னேன். அந்தக் கையில் பச்சை குத்தியிருப்பதை இப்போது நன்றாகவே படிக்க முடிகிறது: ஆனந்தராஜ். நாள் பார்க்க வேண்டாம்.