பரணில் கிடைத்த பர்மிட் விஸ்கி

கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதை முகர்ந்தாலும் கருத்துச் சொல்லியே தீருவோம். பெரம்பலூரில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கும் எனக்கு அந்த வியாதி முற்றிப்போய், ஒரு கோடை விடுமுறையில் என்னையும் என் மாமியாரையும் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

அத்தை சாதாரண ஆள் இல்லை. கீழப்பழுவூர் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த மதுக்கடையை ஊர்ப் பெண்களைத் திரட்டி மூட வைத்தவர். கையில் கரண்டியோடு கடை வாசலில் அவர் முழங்கும் படம் பேப்பரில் வந்தது. அதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். (சாமி படத்துக்கு ஒரு சாண் கீழேதான். சமமாக மாட்ட அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.)

அந்த விடுமுறையில் ஊர் வீட்டு ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு. மாமா சிமென்ட்டுக்குச் சொல்ல அரியலூர் போயிருந்தார். என் கணவர் பெரம்பலூரில் ஆபீஸில். பரணைக் காலி செய்யும் வேலை எனக்கும் அத்தைக்கும். ஒரு பித்தளை அண்டாவுக்குள், கோணிச் சாக்கு சுற்றிய பாட்டில் ஒன்று கிடைத்தது. கறுத்த திரவம், வாயில் சிவப்பு அரக்கு முத்திரை, பாதி அழிந்த இங்கிலீஷ் லேபிள்.

"இது எங்க மாமனாரு பாட்டிலுடி" என்றார் அத்தை. "மதுவிலக்கு இருந்தப்ப குடிக்காட்டி உடம்பு கெட்டுரும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, பர்மிட் வச்சிருந்தாராம். விசேஷத்துல ஒடைக்கணும்னு வச்சிருந்து, ஒடைக்காமயே போயிட்டாரு."

நான் சும்மா இருந்திருக்கலாம். சென்னையில் இருக்கும் கொழுந்தனுக்கு வீடியோ கால் போட்டேன். அவன் இந்த விஷயத்தில் பண்டிதன்.

"அண்ணி! அது விண்டேஜ் அண்ணி! இப்பல்லாம் அந்த மாதிரி காய்ச்சறதே இல்ல. ஒரு சொட்டு நாக்குல பட்டா போதும்னு ஒலகத்துல எத்தன பேரு ஏங்கிக்கிட்டு இருக்கான் தெரியுமா? நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க!"

போனை வைத்தேன். நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏங்குகிறவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். பாட்டில் எங்கள் மடியில் இருக்கிறது.

"எதிரி எப்புடி இருக்கான்னு தெரியாமயே இத்தன நாளு சண்ட போட்டுருக்கேன்" என்றார் அத்தை மெதுவாக. "ஒரு சொட்டுதான?"

கதவைத் தாழிட்டோம். லேபிளைக் கிட்டத்தில் படிக்க நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். அரக்கை அரிவாள்மனையில் சுரண்டி, தக்கையை நெம்பி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம். அத்தை ஒரு மடக்கு குடித்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட, அவரும் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் நாக்கில் உருட்டி உருட்டிக் குடித்தேன். வியாதி தலைக்கேறியது.

"மொதல்ல ஒரு இனிப்பு அத்தை. அப்புறம் ஓக் மரப் பீப்பாயோட துவர்ப்பு. கடைசில லேசா பொகை."

(நான் ஜன்மத்தில் ஓக் மரத்தைப் பார்த்ததில்லை. ஆண்டிமடம் போகும் வழியில் முந்திரி மரம் பார்த்திருக்கிறேன்.)

அத்தை இன்னொரு மடக்கு குடித்துவிட்டு யோசித்தார். "எனக்கென்னமோ இத முன்னாடியே எங்கயோ குடிச்ச மாதிரி இருக்குடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போராட்ட வீராங்கனைக்கு இப்படியொரு கடந்த காலமா? எங்கே குடித்தார் என்று அவருக்கு நினைவு வரட்டும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். நினைவு வரவில்லை. டம்ளர் காலியானது.

பாட்டிலை மறைக்கலாம் என்று இருவரும் ஆளுக்கொரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தோம். தரை சாய்ந்தது. கதவு இருந்த இடத்தில் ஏதோ பழுப்பாக நெளிந்தது.

"அத்தை, எனக்குக் கண்ணு மங்குது."

"ஐயய்யோ, எனக்கும்தான்டி! உன் மூஞ்சியே தெரியல!"

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மெத்தனால் உள்ளே போனால் முதலில் கண் போகும், அப்புறம் ஆளே போகும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். தட்டுத் தடுமாறி ஒரு ஆட்டோவைப் பிடித்தோம். பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். மாமாவுக்குப் போன் செய்து, "அத்தையும் நானும் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போறோம், பரண்ல இருந்த பாட்டிலக் குடிச்சிட்டோம்" என்றேன். மாமா சட்டென்று போனை வைத்துவிட்டார்.

ஆட்டோவில் அத்தை என் கையை விடவே இல்லை. "சாவுறதுகூடப் பரவால்லடி. நாளைக்குப் பேப்பர்ல என்னா போடுவான்? மதுக்கடைய மூடுன பொம்பள விஸ்கி குடிச்சு செத்தான்னு போடுவான். கரண்டியோட நிக்கிற அந்தப் போட்டோவையே போட்டுருவான்!"

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா அத்தையைப் பார்த்ததும் மலர்ந்து, "அம்மா, போராட்டத்துல நான் ஒங்க பின்னாடிதான் நின்னேன்" என்றார். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"விஸ்கி" என்றேன், மிகச் சன்னமாக.

"எப்ப வாங்குனது?"

"மதுவிலக்கு காலத்துல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் கண்ணில் டார்ச் அடிப்பதற்காக, "ரெண்டு பேரும் கண்ணாடியக் கழட்டுங்க" என்றார். வாங்கி மேஜைமேல் வைத்தவர், கண்களைப் பரிசோதித்துவிட்டு, கண்ணாடிகளையும் தூக்கிப் பார்த்தார். பிறகு நான் போட்டுவந்ததை அத்தைக்கும், அத்தை போட்டுவந்ததை எனக்கும் மாட்டிவிட்டார்.

"இப்ப?"

டாக்டரின் மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது. தள்ளுபடி என்று ஒரே கடையில் ஒரே மாதிரி ஃபிரேம் வாங்கினால் இப்படித்தான். அத்தையுடையது கிட்டத்தில் படிப்பதற்கான பவர், என்னுடையது தூரத்தில் பார்ப்பதற்கானது.

"கண்ணு சரி. உள்ள என்ன போச்சுன்னு தெரியணுமே" என்று டாக்டர் யோசிக்கும்போதே மாமா வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். உடம்பெல்லாம் சிமென்ட் தூசி. அத்தையைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்து ஒப்பித்தார்.

"அதுல விஸ்கி இல்லீங்கம்மா. விஸ்கிய நான் காலேஜ் படிக்கிறப்பவே குடிச்சிட்டேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாரு. எங்க அக்கா பிரசவத்துக்கு வந்திருந்திச்சு. அதுக்கு வாங்கி வச்சிருந்த தசமூலாரிஷ்டத்த ஊத்தி ரொப்பி, பார்சலுக்கு வைக்கிற அரக்க உருக்கி மூடி வச்சிட்டேன்."

நர்ஸம்மா பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆமா மேடம், புள்ள பெத்தவளுக்குக் குடுக்கற அரிஷ்டந்தான்" என்று தலையாட்டினார்.

"நான்தான் சொன்னேன்ல, முன்னாடியே குடிச்சிருக்கேன்னு!" என்று அத்தை துள்ளி எழுந்தார். "ரெண்டு பயலுவளப் பெத்தப்பவும் இதத்தான் குடுத்தாங்க!"

அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? கண் இருக்கிறது, உயிர் இருக்கிறது, அத்தையின் மானமும் இருக்கிறது. வார்டின் நடுவில் நின்று நானும் அத்தையும் கட்டிக்கொண்டு சிரித்தோம். டாக்டர் சாயங்காலம் வரை எங்களை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, மோர் குடிக்கச் சொல்லி அனுப்பினார். நர்ஸம்மா யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தானாகவே சத்தியம் செய்தார்.

மாமா மட்டும்தான் மாட்டிக்கொண்டார். ஆயுசுக்கும் குடிக்காத மனுஷன் என்று பேரெடுத்தவரிடம் அத்தை பல நாள் பேசவில்லை. குடித்ததற்காக இருக்கும் என்று சமாதானம் பேசப் போனேன்.

"அதுக்கில்லடி" என்றார் அத்தை. "கட்டிக்கப்போறவளுக்குன்னு ஒரு மடக்கு வைக்கத் தோணலியே அந்த மனுஷனுக்கு!"

போன வருஷம் கொழுந்தன் மனைவிக்குக் குழந்தை பிறந்தது. நாட்டு மருந்துக் கடையிலிருந்து தசமூலாரிஷ்டம் வந்து இறங்கியது. வீடே என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. அத்தை மட்டும் சிரிக்காமல் மூடியைத் திறந்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு. ஓக் மரந்தான் கொஞ்சம் பத்தல."