ஹலீனாவின் பலகையில் நான் போட்ட பெரிய எழுத்து

கேட்காமல் உதவி செய்வதில் எங்கள் ஆட்களை யாராலும் வெல்ல முடியாது. பக்கத்து வீட்டாரோடு நாலு நாள் பழகினால் போதும், அவர்கள் வீட்டுக் கதிரையை எங்கே போடுவது என்பதையும் நாமே முடிவு செய்துவிடுவோம். அதற்கு உரிமை என்று பெயர். (மெல்பேர்னில் அதற்கு வேறு பெயர் இருப்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.)

மெல்பேர்னின் நோபல் பார்க் பகுதியில் எங்கள் பக்கத்து வீடு ஹலீனாவுடையது. போலந்துக்காரர், தனியாக இருப்பவர். நானும் மனைவி வசந்தியும் வேலைக்குப் போனால், மகள் துளசியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருபவர் அவர்தான். சொந்தக்காரர் இல்லாத ஊரில் எங்களுக்கு இருந்த ஒரே சொந்தம்.

சனிக்கிழமைச் சந்தையில் அவர் சின்னக் கடை ஒன்று போடுவார். முன்னால் ஒரு மரப்பலகை. போலிஷ் ரொட்டி, போலிஷ் ஊறுகாய், போலிஷ் கேக், போலிஷ் தேன் என்று ஆங்கிலத்தில் கையால் எழுதியிருந்தது. நான்கு இடத்திலும் 'போலிஷ்' சின்ன எழுத்தில் தொடங்கியது. நாட்டின் பெயரால் வரும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்துப் போட வேண்டும் என்று எனக்கு அடித்துச் சொல்லித்தந்திருக்கிறார்கள். பெரிசு, சின்னது என்ற வில்லங்கமே இல்லாத தமிழில் பிறந்தவனுக்கு அந்த அடி மறக்காது.

"பாவம் மனுசி. சனம் சிரிக்கப்போகுது" என்றேன்.

"அவவிட்டக் கேட்டனீங்களே?" என்றாள் வசந்தி.

"இதுக்கெல்லாம் கேக்கிறதே? எங்கட ஹலீனாதானே!"

ஞாயிறு பூசைக்கு அவர் சேர்ச்சுக்குப் போயிருந்த நேரம், வாசலில் சாத்தியிருந்த பலகையைத் தூக்கிவந்து, முதலெழுத்துகளைச் சுரண்டி, அந்த இடத்தில் பெரிய எழுத்தாகப் பெயின்ட் அடித்தேன். ஒன்றோடு நின்றிருக்கலாம், நான்கையும் திருத்தினேன். கலியாண வீட்டில் முன்வரிசையில் வந்து குந்திய பெரியப்பாக்களைப் போல அவை மற்ற எழுத்துகளை இடித்துக்கொண்டு நின்றன.

ஹலீனா வந்தார். பரிசு வாங்கப்போகும் பிள்ளைபோல வேலியடியில் நின்றேன். பலகையைப் பார்த்தார்.

"ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்று எனக்கும் தெரியும், சிவா. எங்கள் மொழியில் சின்ன எழுத்துத்தான். இந்தப் பலகையை எழுதியவர் மாரெக். அவர் அப்படித்தான் எழுதுவார். எத்தனை தரம் சொன்னாலும் மாற்றமாட்டார்."

மாரெக் அவருடைய கணவர். நாங்கள் இங்கே குடிவருவதற்கு முன்பே இறந்துபோனவர்.

"திரும்ப எழுதித் தருகிறேன்" என்று வேறு சொன்னேன். (புத்தி கெட்டவன்!) மாரெக்கின் கையெழுத்தை நான் எங்கே போய் எழுதுவது?

அவர் சண்டை பிடிக்கவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போலத் துளசியைக் கூட்டிவந்தார். ஆனால் தேத்தண்ணி குடிக்க உள்ளே வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாகவும் துக்கமாகவும் இருக்கிறது.

இப்போது பலகையைத் திருப்பித்தான் மாட்டுகிறார். பின்பக்கத்தில் மாரெக் எழுதிப் பழகிய அரைகுறைச் சொற்களும் பென்சில் கோடுகளும்தான் உண்டு. என்ன விற்கிறார் என்று ஒருவருக்கும் விளங்காது. வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டி, ஊறுகாய் என்று காலை முழுக்க வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் நான் கரண்டியைக் கையில் எடுத்தால்கூடத் துளசி கத்துவாள்: "அப்பா, டோன்ட் ஃபிக்ஸ் இட்!" வசந்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். பலகை கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் களிசான் பைக்குள் விட்டுக்கொண்டு, ஊறுகாய் வாங்க வரிசையில் நின்றேன்.