மறியல் வாசல்

அமெரிக்காவின் டுலூத் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ரூடி ஹால்வர்சன், மறியல் நடக்கும் எந்த வாசலையும் தாண்டி உள்ளே போனதில்லை. பசித்தாலும், பனி கொட்டினாலும், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். குறைந்தபட்சக் கூலி என்று யாராவது சொன்னாலே அவருக்குக் குரல் தழுதழுக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் பக்கத்து வீட்டுப் பெண் மேவ் கூலியை உயர்த்திக் கேட்டபோது சட்டம் பேசினார்.

"எப்பவாவது வந்து குழந்தை பாக்குறவங்களுக்கு குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாதும்மா. நானா எழுதினேன்?"

மேவ் முகம் வாடிவிட்டது. கல்லூரிக்குப் பணம் சேர்க்கிறாள், பாவம். அடுப்படியில் நின்ற அவர் மனைவி லோர்னா ஒன்றுமே சொல்லவில்லை. மனைவி ஒன்றும் சொல்லாவிட்டால் பயப்படவேண்டும். ரூடி நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை மாலை சங்க விருந்து. நியாயக் கூலி பற்றி அவர்தான் பேச வேண்டும். துறைமுக வேலை முடிந்து உடை மாற்ற அவசரமாக வந்தவர் தெருவிலேயே நின்றுவிட்டார். வீட்டு வாசலில், பனியில், மேவ். கையில் ஓர் அட்டை: 'நியாயக் கூலி கொடு.'

"என்னம்மா இது?"

"மறியல், அங்கிள்."

"என் வீட்டுக்கேவா?"

"நான் தடுக்கலையே. தாராளமா உள்ள போங்க."

ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை அங்கேயே வைத்துவிட்டார். ஜன்னல் திறந்தது.

"ஏங்க, குளிர்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க," என்றாள் லோர்னா.

"எப்படி வர்றது? எதிர்வீட்டுல நம்ம சங்கப் பொருளாளர் பாத்துட்டே நிக்கிறாரு."

"அதான் சட்டம் உங்க பக்கம் இருக்கே."

"உன் வேலைதானா இது?"

"அட்டை மட்டும்தான் நான் வாங்கிக் குடுத்தேன். மத்ததெல்லாம் நீங்க சாப்பாட்டு மேசைல சொல்லிக் குடுத்தது."

கிரீஸ் அப்பிய சட்டையோடு மேடையேற முடியுமா? மானம் கப்பலேறிவிடும். ரூடி இறங்கி வந்தார்.

"சரிம்மா. குறைந்தபட்சக் கூலி தர்றேன். அதுக்கு மேல ஒரு டாலர். போதுமா?"

மேவ் சிரித்தபடி கைகுலுக்கினாள். அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் ஓடினாள்.

ரூடி பெருமூச்சு விட்டுப் படியேறப் போனார். அதற்குள் லோர்னா கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அட்டையைக் கையில் எடுத்தாள். மேவ் நின்ற இடத்திலேயே போய் நின்றாள்.

"அவ விஷயம் முடிஞ்சுது. இதே பிள்ளைங்கள மத்த நாளெல்லாம் பாக்குறவ கூலியப் பத்தி இப்பப் பேசுவோமா?"