நான்காம் நம்பர் பஸ் நின்ற இடங்கள்

அந்தத் திங்கட்கிழமை நடந்தவை:

1. காலை 7.40: நான்காம் நம்பர் கம்பெனி பஸ் எங்கள் மகளிர் விடுதி வாசலில் நின்றது. ஏறினேன்.
2. 7.48: 'கொட்டாய்' ஸ்டாப்பில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். பஸ் நிற்கவில்லை.
3. 7.49: முந்நூறு மீட்டர் தள்ளி, ஆளே இல்லாத இடத்தில் நின்றது. கதவு திறந்தது. மூடியது.
4. 7.55: 'எடைமேடை'யிலும் இதே கதை. ஒருவர் டிபன் பாக்ஸோடு மேம்பாலம்வரை துரத்தி வந்தார்.
5. 8.20: பஸ் தன் சரித்திரத்திலேயே முதல்முறையாக நேரத்துக்குத் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. உள்ளே இரண்டே பேர். ஓட்டியவர் கொட்டாய் அண்ணன். பயணி நான்.

கொட்டாய் அண்ணனைப் போல் ஓசூரை அறிந்தவர் தமிழ்நாட்டிலும் இல்லை, கர்நாடகத்திலும் இல்லை. ஒரே சிக்கல், அவர் அறிந்த ஓசூரில் பாதி இப்போது கிடையாது.

அப்போது ஊர் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. தீபாவளிக்குப் போய்த் திரும்பினால் பஸ் ஸ்டாண்டு எங்கே என்று கேட்டுத்தான் இறங்க வேண்டும். அண்ணன் மட்டும் அசையவில்லை. "கொட்டாய் எறங்கு!" என்று அவர் கத்தும் இடத்தில் ஒரு காலத்தில் டூரிங் சினிமா இருந்ததாம். நான் வேலைக்கு வந்தபோது அது அடுக்குமாடிக் குடியிருப்பு. எடைமேடை, பைக் ஷோரூம் ஆகியிருந்தது. "எருமை ஷெட்டு!" என்றால், டை கட்டிய டிசைன் மேனேஜர் எழுந்து, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போவார்.

"அங்கதான் கொட்டாயே இல்லியேண்ணா?"

"இல்லாட்டி இன்னா பாப்பா? நான் படம் பாக்கவா வண்டிய நிறுத்தறேன்?"

"எங்க ஹாஸ்டல் ஸ்டாப்புக்கு மட்டும் ஏன் பேரே இல்ல?"

"அங்க இன்னும் ஒண்ணத்தையும் இடிக்கல. இடிக்கட்டும், பாக்கலாம்."

நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் டிரெய்னி. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம். போக்குவரத்து மேனேஜர் என்னிடம் ஸ்டாப் பட்டியல் கேட்டார். ஸ்கூட்டர் மீட்டரில் தூரம் அளந்து, புதிய பெயர்ப்பலகை இருந்த இடங்களையே ஸ்டாப்பாக எழுதினேன்: மேம்பால இறக்கம், சர்வீஸ் ரோடு சந்திப்பு-2. எனக்கே அழகாக இருந்தது. மேனேஜர் கையெழுத்திட்டு, பட்டியலில் இல்லாத இடத்தில் ஒருமுறை நின்றாலும் ரூட் பறிபோகும் என்று அண்ணனை எச்சரித்தார். சனிக்கிழமை அதை கேன்டீனில் ஒட்டினோம். எல்லோரும் பக்கத்தில் இருந்த மெனுவைப் படித்துவிட்டுப் போனார்கள்.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை.

"அண்ணா, நிறுத்துங்க! ஆளுங்க ஓடி வர்றாங்க!"

"லிஸ்ட்டுல இல்லியே பாப்பா."

"எழுதினதே நான்தாண்ணா!"

"கையெழுத்து மேனேஜருது. உன் பேச்சக் கேட்டா என் ரூட்டு போயிடும்."

விட்டுப்போனவர்கள் ஷேர் ஆட்டோக்களில் தொங்கிக்கொண்டு வந்து சேர ஒன்பதரை. அதுவரை அசெம்பிளி லைன் ஓடவில்லை. மேனேஜர் அறையில் அண்ணன் நின்றார்; பட்டியல் எழுதியவள் என்பதால் நானும்.

"வேணும்னே பண்ணிருக்கே. நாளைக்கு வண்டிய வேற ஆளு எடுப்பான்."

"எழுதின எடத்துல நிக்கலேன்னா ரூட்டு இல்லன்னீங்க. நின்னேன். அங்க ஆளு நிக்கலேன்னா நான் இன்னா சார் பண்றது?"

மேனேஜர், தாமதத்துக்குக் கையெழுத்துப் போட வந்திருந்த ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்.

"நீ புது ஆளுதானே? நீயாவது லிஸ்ட்டப் பாத்து நின்னிருக்கலாம்ல?"

"கொட்டாய்ல ஏறுன்னு சொன்னாவ சார். கொட்டாய்லதான் நின்னேன்."

"கொட்டாய்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார். பஸ்ஸு நிக்க எடம்லா அது?"

நான் மீட்டர் வைத்து அளந்தும் பிடிபடாதது அந்த ஒரு வரியில் இருந்தது. அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"தப்பு லிஸ்ட்டுல சார். அவர் மேல இல்ல" என்றேன்.

கழித்துக்கட்ட வேண்டிய உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல் மேனேஜர் என்னைப் பார்த்தார். என் வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. அண்ணனுக்கு ரூட் தங்கியது. அன்றே புதுப் பட்டியல் அடித்தேன்: கொட்டாய், எடைமேடை, எருமை ஷெட்டு.

மறுநாள் சாயங்காலம் விடுதி வாசலில் பஸ் நின்றது. "லிஸ்ட்டு எறங்கு!" என்றார் அண்ணன். பஸ்ஸே சிரித்தது.

"என்னண்ணா, இங்கதான் இன்னும் எதையும் இடிக்கலியே?"

"நீ இடிச்சியே பாப்பா, ஒரு மணி நேரத்து புரொடக்‌ஷன. அது போதும்."

இப்போது நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். விடுதியை நிஜமாகவே இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கல்யாண மண்டபம். அண்ணன் ஓய்வுபெற்று, சொந்த ஊரான நாகரசம்பட்டிக்குப் போய்விட்டார். சென்ற மாதம் அந்த வழியாக ஷேர் ஆட்டோவில் போனேன். டிரைவர் முன்பின் தெரியாதவர்.

"லிஸ்ட்டு எறங்கறவங்க யார்னா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இறங்கிக்கொண்டேன்.