ஆயுத பூஜையில் அடைத்த ஓட்டை

ஓசூர்,
14.10.2005

மரியாதைக்குரிய மாமா மாடசாமி அவர்களுக்கு, மருமகன் கமலக்கண்ணன் வணங்கி எழுதிக்கொள்வது. தாங்களும் கருப்பாயி அத்தையும் சுகம் என்று நம்புகிறேன். என் சுகத்தைக் கேட்க வேண்டாம், மாதவன் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மகன் எந்தத் தப்பும் செய்யவில்லை. பிரேக் பாகங்களைச் சோதித்து, தேறாததைக் கம்ப்யூட்டரில் பதிவதுதான் எங்கள் கம்பெனியில் அவன் வேலை. அவன் கழித்துப் போட்ட ஒரு லோடு லாரி ஏறும்போது 'தேறியது' என்று மாறியிருந்தது, அதுவும் அவன் பெயரிலேயே. அதை வண்டியில் மாட்டி யாராவது செத்திருந்தால் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற நான் மூன்று நாள் குடைந்ததில், அதை உள்ளிருந்து நடத்துகிற கெர்னல் என்ற மென்பொருளில் ஒரு ஓட்டை அகப்பட்டது. அதன் வழியாகச் சாதாரண ஆள்கூட எஜமானாகி, யார் பெயரில் வேண்டுமானாலும் எழுதலாம். ஓட்டையை அடைத்து எழுதிக் கொடு, மாதவனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார் மேனேஜர் ஹரீஷ்குமார். அடைக்கிற மென்பொருளை ஏற்றினால் மட்டும் போதாது மாமா, கம்ப்யூட்டரை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால்தான் அது பிடிக்கும். முன்பு ஒருதரம் நிறுத்தியபோது அது இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை, அதனால் யாரும் நிறுத்த விடுவதில்லை, எல்லா மெஷினும் ஓய்கிற நாள் ஆயுத பூஜை ஒன்றுதான். அன்று மெஷின்களை நிறுத்துவதும், மறுநாள் எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டுவதும் அஞ்செட்டி எலக்ட்ரீசியன் திம்மப்பனின் பாத்தியதை, வேறு யாரும் தொடக் கூடாது. முந்தின நாளே மென்பொருளை ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரையும் அவரிடம் ஒப்படைத்தேன். பூஜையன்று திரை இருட்டாக, சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. மறுநாள் வெளிச்சம் வந்தது. ஓட்டை அடைபட்டது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மாதவன் வேலைக்குப் போவான். அத்தையை அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். குலதெய்வத்துக்கு என் பேரிலும் ஒரு கும்பிடு போடுங்கள்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
கமலக்கண்ணன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மேனேஜர் கூப்பிட்டார். இன்று மத்தியானம் இன்னொரு லோடு 'தேறியது' ஆகியிருக்கிறது, இம்முறை என் பெயரில். ஓடிப்போய்ப் பார்த்தால், நிற்காமல் ஓடத் தொடங்கி 611 நாள் ஆயிற்று என்கிறது கம்ப்யூட்டர். அந்த ஒரு வரியைப் பூஜைக்கு மறுநாளே பார்த்திருக்கலாம், இரண்டு கையிலும் பொரி இருந்தது. திம்மப்பனைக் கேட்டேன்.

"நிறுத்தி மறுபடி ஏந்திரிக்கலன்னா உங்க வேலைதானே சார் போகும். அதான் டிவிய மட்டும் அணைச்சேன்" என்றார். டிவி என்றது திரையை. என் மேல் அவ்வளவு அக்கறை. மேனேஜரிடம் 611ஐச் சொன்னேன், அதையும் நீயே எழுதியிருக்கலாம் என்றார். பிறகு என் கையெழுத்தைக் காட்டினார்.

"ஓட்டைய அடைச்சாச்சுன்னு நீதானே எழுதிக் குடுத்தே. அப்ப இது ஓட்டை இல்ல, ஆளு. அன்னைக்கும் ஆளுதான்."

திங்கட்கிழமை மாதவனோடு நானும் ஊருக்கு வருகிறேன். அத்தையை இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள். அழுகையை நிறுத்தச் சொன்னேனே, அதை மட்டும் சொல்ல வேண்டாம்.